முந்நூற்று நாற்பது வேஷமும் ஒரு பொய்யும்

தாராவியில் கையில் எழுதும் அட்டையும் பேனாவுமாக ஒருவர் சந்துக்குள் நுழைந்தால், அவர் முதல் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் கடைசி வீட்டுக்குச் சேதி போய்விடும். விஜயராணி குடியிருக்கும் சந்தில் அந்தப் பொறுப்பு சொரிமுத்துவுடையது. கீழ்த்தளத்தில் பழைய பிளாஸ்டிக் டப்பாக்களை வகை பிரிக்கும் கிடங்கு வைத்திருப்பவர். அட்டைக்காரரைக் கண்டதும் தலையைத் தூக்கி, "ஏ, விருந்தாளி வந்திருக்காக" என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான். தையல் மிஷின்கள் மேல் போர்வை விழும். ஜரிகை வேலைக்குத் துணி கட்டும் மரச்சட்டங்கள் கட்டிலுக்கு அடியில் போகும். பெல்ட் தைக்கிற எட்டுப் பேரும் ஒரே நொடியில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளாகி, காலையில்தான் ரயிலில் வந்து இறங்கியவர்கள் மாதிரி பாயில் சாய்ந்துகொள்வார்கள்.

இதில் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வீட்டுக்கென்று வாங்கிய கரண்ட் மீட்டரில் தொழில் நடக்கிறது என்று தெரிந்தால் மீட்டர் போய்விடும். போன மாதம்தான் பின் சந்தில் ஒரு வீட்டில் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் அட்டை என்றால் ஆபத்து, ஆபத்து என்றால் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாதே என்பது அந்தச் சந்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பாடம்.

ஒரு வியாழக்கிழமை காலை சொரிமுத்து குரல் கொடுத்தபோது விஜயராணி மேல்மாடியில் உட்கார்ந்து புலிக்கு வால் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை மூடினாள். வாலைத் தலையணைக்கு அடியில் செருகினாள். அதற்குமேல் ஒளிக்க வழியில்லை. பள்ளிக்கூட விழாக்களுக்கு வேஷ உடுப்பு வாடகைக்கு விடுவது அவள் தொழில். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் நாலு சுவரிலும் கூரையிலும் கிளி, மயில், பாரதமாதா, தக்காளி, ரயில் எஞ்சின் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனையையும் மூடப் போர்வைக்கு எங்கே போவது?

இரும்பு ஏணியில் மேலே வந்தது இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண். முதுகில் பை, கையில் அட்டை.

"நமஸ்காரம் ஆன்ட்டி. என் பேர் சாதனா. செம்பூர்லேர்ந்து வரேன். கவர்மென்ட் சர்வே. இங்கே என்ன வேலை நடக்கறது?"

"வேலையா? ஒரு வேலையும் நடக்கலயேம்மா. இது வீடு. புருசன், நான், மக, மூணே பேரு."

சாதனா அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே ஒரு டிராகன் பல்லைக் காட்டியது.

"இதெல்லாம்?"

"எங்க துணிமணிதான்."

"இந்தக் கத்திரிக்காய்?"

"மக சின்னப்பிள்ளையில உடுத்தினது. தூரப்போட மனசு வரல."

"நாலு கத்திரிக்காய் இருக்கே, ஆன்ட்டி."

"அழுக்காகும்லா. மாத்துத்துணி வேண்டாமா?"

சாதனா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். அரசாங்க அட்டையில் காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. "அந்தப் புலி?" என்று கேட்டாள்.

"அது எங்க வீட்டுக்காரவுகளுக்கு. டிராம்பேல ஆலையில வேல பாக்காவ. காலைல பஸ்ஸுல போகும்போது குளுருதுன்னு சொன்னாவ."

மும்பையில் எந்த மாதத்தில் புலித்தோல் போர்த்தும் அளவுக்குக் குளிரும் என்று சாதனா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விஜயராணி பதில் வைத்திருப்பாள்.

"கடைசிக் கேள்வி. வீட்ல கலைஞர் யாராவது உண்டா? பாட்டு, டான்ஸ், டிராமா, அந்த மாதிரி ஏதாவது?"

"அதெல்லாம் இங்க இல்லம்மா. நாங்க மானமாப் பொழைக்கிற குடும்பம்."

சாதனா ஒவ்வொன்றாக எண்ணி, 'குடும்பத் துணிகள், முந்நூற்று நாற்பது. கலைஞர், இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிப் படித்துக் காட்டினாள். விஜயராணி கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். வந்த பெண்ணுக்கு டீயும் பிஸ்கோத்தும் கொடுத்து, ஏணியில் பார்த்து இறங்கச் சொல்லி, அவள் தலை மறைந்ததும் புலிவாலை வெளியே எடுத்தாள். இவ்வளவு நேர்த்தியாக ஒரு பொய்யை அந்தச் சந்தில் வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது என்று அவளுக்கு ஒரே பெருமை.

விஜயராணி இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கிளியால். பதினாறு வருடத்துக்கு முன் மகள் வந்தனா பாலர் பள்ளியில் இருந்தபோது, நாளைக்குக் கிளி வேஷத்தில் வர வேண்டும் என்று டீச்சர் சீட்டு எழுதி அனுப்பிவிட்டாள். அப்போது விஜயராணி ஒரு பை கம்பெனிக்குப் பையின் உள்பக்கத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அன்று பைக்குள் போகவேண்டிய பச்சைத் துணியில் கொஞ்சம் கிளிக்குள் போயிற்று. உடைந்த குடைக்கம்பி இறக்கையானது. சிவப்பு ரெக்சின் துண்டு மூக்கானது. மறுநாள் வந்தனா மேடையில் நின்று ஒரு வார்த்தையும் பேசாமல் இறக்கையை மட்டும் அடித்துவிட்டு இறங்கினாள். அவளுக்குத்தான் முதல் பரிசு. அந்த வாரமே நாலு தாய்மார் ஏணியேறி வந்தார்கள்.

அப்புறம் அவள் பையைத் தொடவில்லை. தாராவியில் எதுவும் வீணாகாது, எல்லாம் விஜயராணியிடம் வந்து சேர்ந்தது. தோல் பட்டறையில் கழித்த துண்டு சிங்கத்தின் பிடரியானது. எண்ணெய் டின் கிரீடமானது. சொரிமுத்து கிடங்கிலிருந்து வந்த ஷாம்பு டப்பாக்கள் ராக்கெட்டுக்கு எஞ்சினாகின. தகரப் பெட்டிகள் மேல் சாக்பீஸால் 'மிருகம்', 'காய்கறி', 'தலைவர்கள்', 'சாமி' என்று எழுதி வைத்திருந்தாள். சாமிப் பெட்டியை மட்டும் எதற்கும் கீழே வைக்கமாட்டாள். ஆகஸ்ட் பதினைந்துக்கு முந்தின நாள் ஏணியிலிருந்து தெருமுனை வரை வரிசை நிற்கும். மாட்டுங்காவிலிருந்தும் ஆண்டாப் ஹில்லிலிருந்தும்கூட வருவார்கள். இதை அவள் வேலை என்பாள், பொழைப்பு என்பாள், சில நாள் தலைவலி என்பாள். கலை என்று ஒருநாளும் சொன்னதில்லை. கலை என்றால் அது மைக் முன்னால் நடப்பது என்று நினைத்திருந்தாள்.

அவளுக்கு இருந்த ஒரே பெரிய கவலை இடம். சந்து முழுவதையும் இடித்துக் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வருடக்கணக்காக நடந்து, இப்போது கிட்டே நெருங்கிவிட்டது. குடியிருப்பவர்களுக்கு எங்கோ ஒரு மாடியில் ஒரு வீடு வரும், சரி. அந்த வீட்டில் மூன்று பேர் படுக்கலாம். முந்நூற்று நாற்பது உடுப்பை எங்கே வைப்பது? பன்னிரண்டாவது மாடிக்கு எந்தத் தாய் கிளி வாங்க வருவாள்? இதை நினைத்தால் விஜயராணிக்குத் தையல் கோணிப்போகும். அதனால் நினைக்காமல் வால் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த சந்து கோமதிநாயகம் அல்வாவோடு வந்தார். நையாண்டி மேளம் செட் வைத்திருப்பவர். கோயில் கொடை விழாவுக்குத் தாராவியில் அவர் தவில் இல்லாமல் சாமி எழும்பாது. அவர் முகத்தில் அன்று அவ்வளவு வெளிச்சம்.

"நம்ம செட்டு பேரு லிஸ்டுல வந்துட்டு, விஜயராணி. சர்க்காரு கலையை வளக்கப் போவுதாம்லா."

"கலை என்ன கொத்தமல்லியா அண்ணாச்சி, தண்ணி ஊத்தி வளக்க?"

"கேலி பேசாத. தாராவியிலயே பெரிய கலைக்கூடம் கெட்டப் போறாவளாம். மேடை, ஒத்திகை ஹால் எல்லாம் உண்டு. கீழ வரிசையா ரூமு. லிஸ்டுல இருக்க கலைஞர்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. தெருவப் பாத்த வாசலு. அந்தச் செம்பூர்ப் பிள்ள அட்டையோட வந்துச்சே, அதுதான் லிஸ்டு எடுக்க வந்துருக்கு."

விஜயராணி கையிலிருந்த அல்வா கையிலேயே இருந்தது.

"நீங்க ஒளிச்சு வைக்கலயா?"

"தவில எங்கட்டு ஒளிக்க? வாசிச்சுக்கிட்டிருந்தேன். சத்தத்துல சொரிமுத்து கூப்புட்டது கேக்கல. அந்தப் பிள்ள நின்னு முழுசும் கேட்டுட்டு எழுதிட்டுப் போச்சு."

பொய் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத ஒருவருக்குத் தெருவைப் பார்த்த வாசல். நேர்த்தியாகப் பொய் சொன்னவளுக்குப் பன்னிரண்டாவது மாடி. கோமதிநாயகம் போனதும் விஜயராணி அழுதாள், சத்தமாகவே அழுதாள். வந்தனா போனில் அந்தத் திட்டத்தைத் தேடிப் படித்தாள். காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், ஆங்கிலமும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு.

"அம்மா, டென்ஷன் எடுக்காத. ஆட்சேபம் சொல்ல சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. ஆனா ஒன்னோட ரிப்போர்ட் வேற லெவல். குளுருக்குப் புலி உடுத்துற குடும்பம்னு போட்டிருக்காங்க. அப்பா பேரோட."

திங்கட்கிழமை விஜயராணி சயானில் பஸ் பிடித்துச் செம்பூர் போனாள். ஒரு ஹவுசிங் சொசைட்டியின் கீழ்த்தளத்தில் சர்வே அலுவலகம். சாதனா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். விஜயராணியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள்.

"நீ கேட்டது கலைக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. மீட்டருக்குன்னு நெனச்சிட்டேன்."

"எனக்கும் சந்தேகம்தான் ஆன்ட்டி. நாலு கத்திரிக்காய்னா யாருக்குத்தான் வராது? ஆனா நீங்க சொன்னதுக்கு மேலே ஒரு வார்த்தை எழுதப்படாதுன்னு ரூல்." சாதனா கையைப் பிசைந்தாள். "தாராவி முழுக்க இப்படித்தான். பதினோரு சந்து நடந்தேன். ஒரு கலைஞர்கூடக் கிடையாதுன்னுட்டா. ஒரு ஆத்துல கதவுக்குப் பின்னாடி பொய்க்கால் குதிரை நிக்கறது. கேட்டா நாங்க வளர்க்கறதுங்கறா. மாட்டுங்கால நேர்மாறு. பெல் அடிச்சாப் போதும், காபி கொடுத்து உட்கார வெச்சுப் பாட ஆரம்பிச்சுடறா. வேங்கடசுப்ரமணியன்னு ஒரு மாமா, ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். அவர் ரசிகர்னு பதிஞ்சிருக்கார். நாற்பது வருஷமாக் கச்சேரி கேக்கறாராம். கேக்கறதும் கலைதான்னு எழுதச் சொன்னார். எழுதினேன்."

"கேக்குதவருக்கு எடம் உண்டு. எனக்கு இல்லயா?"

சாதனா மேஜையிலிருந்த நோட்டீசை எடுத்துப் பார்த்தாள். சனிக்கிழமை மாட்டுங்கா மண்டபத்தில் அதிகாரி முன்னால் கூட்டம், அங்கே வந்து சொல்லலாம் என்றாள். இரண்டு சிக்கல் இருந்தது. ஒன்று, முன்னால் கையெழுத்துப் போட்டது பொய் என்று விஜயராணியே சொல்லி இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு, வாடகைக்கு விடுவது வியாபாரம், கலை இல்லை என்று அதிகாரி தள்ளிவிடலாம். அங்கே எல்லோரும் இரண்டு நிமிடம் தங்கள் கலையைச் செய்து காட்ட வேண்டும். "நீங்க என்ன செஞ்சு காட்டுவேள்?" என்று சாதனா உண்மையான அக்கறையோடு கேட்டாள். விஜயராணிக்கும் தெரியவில்லை.

வீட்டில் அவள் கணவன் இசக்கிராஜுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. அவன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "நாம தொழில் செய்தோம்னு நாமளே போயி எழுதிக் குடுத்தா, அந்தக் காயிதம் அங்கயேவா இருக்கும்? மீட்டருக்காரன் கைக்குப் போவும். உள்ளதும் போயிரும், விஜயா."

"உள்ளது எத்தன நாளைக்கு? சந்து பூராவையும் இடிக்கப் போறாவ."

"அதுவரைக்குமாவது இருக்கட்டுமே."

"பதினாறு வருசமா யாரு வந்து கேட்டாலும் சும்மாதான் இருக்கேன்னு சொல்லுதேன். இப்ப லிஸ்டுலயும் அப்படியே எழுதிட்டாவ. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு." அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் போறேன். நீங்க வேலைக்குப் போங்க."

சனிக்கிழமை காலை மாட்டுங்கா மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் சிவப்பு வெல்வெட் விரித்த நீள மேஜை. அதன் பின்னால் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், மராத்திக்காரர், மெலிந்த உடம்பு. கழுத்து முன்னால் வளைந்து, எதிரில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோலவே இருப்பார். மைக் வைத்துப் பேசியும் மூன்றாவது வரிசைக்குக் கேட்கவில்லை. அவருக்குப் போர்த்திய ஆரஞ்சுச் சால்வை நாற்காலி முதுகில் கிடந்தது. அன்று பேச்செல்லாம் இந்தியில்தான். விஜயராணிக்கு இந்தி சரளம் என்பதால் அதில் அவளுக்குச் சிரமமில்லை.

முதலில் கோமதிநாயகம் செட். இரண்டு நிமிடம் என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. ஏழு நிமிடம் கழித்து நிறுத்தியபோது மண்டபத்து மின்விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. அடுத்து வேங்கடசுப்ரமணியன் மாமா ஏறினார். தம் கலையைச் செய்து காட்டச் சொன்னார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, சாதனா போனில் வைத்த பாட்டைக் கேட்டார். இரண்டு நிமிடம் முழுதாகக் கேட்டார். ஓரிடத்தில் கண்ணில் நீர் வழிந்தது. சிரிக்கலாம் என்றிருந்தவர்கள் சிரிக்கவில்லை. கிளார்க் சரி என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாவதாக விஜயராணி பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். கிளார்க் பழைய காகிதத்தைப் படித்தார். கத்திரிக்காய் வந்தபோது மண்டபம் சிரித்தது. புலி வந்தபோது தாராவிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஜயராணி தலையைக் குனியவில்லை.

"அது எல்லாம் பொய், சார். நான்தான் சொன்னேன். பதினாறு வருசமா வேஷ உடுப்பு தச்சு வாடகைக்கு விடுதேன். வீட்டு மீட்டர்லதான் மிஷின் ஓடுது. அதுக்குப் பயந்து சொன்னேன். இப்ப உண்மையைச் சொல்ல வந்திருக்கேன்."

தாராவியில் அப்படி ஒருவர் அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே மீட்டரைப் பற்றிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீட்டர் எங்க இலாகா இல்லம்மா. நாங்க கலாசாரம்" என்றார். கிளார்க்கிடம், மீட்டர் விஷயத்தை எழுத வேண்டாம், கேட்கப்படாத விவரம் என்றார். பிறகு வருத்தத்தோடு தொடர்ந்தார்: "ஆனா இது வாடகை வியாபாரம். நீங்க மேடையில ஏறுறதில்லை. கலைஞர்னு நான் எப்படி எழுதுவேன்?"

"பிள்ளைகளுக்கு உடுப்ப மாட்டி விட்டாப் போதும்னு நெனைக்கீகளா, சார்? ராஜா சட்டையப் போட்டதும் பிள்ள ராஜாவாயிராது. அழும். கழட்டும். ஒண்ணுக்கு வருதுங்கும். அந்த அழுகுற பிள்ளையை ராஜாவாக்கித்தான் நான் ஏணியில எறக்கி விடுதேன். அதுக்கு அஞ்சு நிமிசம் ஆகும். நீங்க ரெண்டு நிமிசம்தான் தந்திருக்கீக."

"சரி. செஞ்சு காட்டுங்க."

விஜயராணி சுற்றும் முற்றும் பார்த்தாள். கையில் ஒரு உடுப்பும் கொண்டுவரவில்லை. பிள்ளைகளும் இல்லை. அவள் கண் மேஜைமேல் போய் நின்றது.

"தண்ணி பாட்டில எல்லாம் எடுங்க" என்று கிளார்க்கிடம் சொன்னாள். "சார், நீங்க எந்திரிங்க."

அதிகாரி ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூட வாசலில் பதினாறு வருடம் பேசிப் பழகிய குரல் அது, எழாமல் இருக்க முடியாது. அவள் சிவப்பு வெல்வெட்டை ஒரே உருவலில் உருவினாள். இரண்டாக மடித்தாள். வளையலில் கோத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள். தோளில் ஒன்று, இடுப்பில் இரண்டு, முதுகில் மடிப்புக்கு மூன்று. ஆரஞ்சுச் சால்வையை முறுக்கித் தலைப்பாகை கட்டினாள். டிபனுக்கு அடுக்கியிருந்த வெள்ளிக் காகிதத் தட்டில் ஒன்றை விசிறிபோல் மடித்து நெற்றிக்கு நேராகச் செருகினாள். மேஜை விரிப்பு தரையில் புரண்டு பின்னால் ஒரு கஜம் வால் விட்டது. மண்டபத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

அதிகாரி கூசிப்போய் இன்னும் குனிந்தார். "இதெல்லாம் எனக்குச் சரிவராதும்மா" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "ஸ்கூல்ல மூணு வருஷம் நாடகத்துல இருந்தேன். மூணு வருஷமும் மரமா நின்னேன். வசனமே கிடையாது."

விஜயராணி ஊக்கை வாயிலிருந்து எடுத்தாள்.

"மரம் எங்க நிக்கும், சார்?"

"ராஜாவுக்குப் பின்னாடி."

"அப்ப எல்லா சீனுலயும் நின்னிருக்கீக. ராஜா பேசினது பூராவும் ஒங்களுக்குத் தெரியும்." அவள் அவருடைய இரண்டு தோளையும் பிடித்துப் பின்னால் தள்ளினாள். மோவாயை ஒரு விரலால் உயர்த்தினாள். "ராஜா யாரயும் அண்ணாந்து பாக்க மாட்டாரு. குனிஞ்சும் பாக்க மாட்டாரு. தூரத்துல ஒரு கோட்டை இருக்கு. அதைப் பாருங்க. அது ஒங்க கோட்டை."

அவர் பார்த்தார். மண்டபத்துப் பின்சுவரில் ஒரு கடிகாரம்தான் இருந்தது. ஆனாலும் கழுத்து மெல்ல நிமிர்ந்தது. மார்பு விரிந்தது. விஜயராணி இரண்டடி விலகி நின்றாள். அதிகாரி வாயைத் திறந்தார். மைக் மேஜையில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மராத்தியில், நாற்பது வருடமாக உள்ளே கிடந்த வசனத்தை, ஒரு சொல் விடாமல், ஒரு முழுக் காட்சியையும் பேசினார். எதிரியைக் கண்டித்தார். படையைத் திரட்டினார். கோட்டையைத் தரமாட்டேன் என்றார். கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. பாதிப்பேருக்கு மராத்தி சரியாகப் புரியாது, ஆனாலும் மண்டபம் மூச்சுவிடாமல் இருந்தது. முடிந்ததும் தவில் செட் எழுந்து கைதட்டியது. வேங்கடசுப்ரமணியன் மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். சாதனா வெளிப்படையாக அழுதுகொண்டிருந்தாள்.

அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. சொந்தக் குரலைக் கேட்டு மிரண்டவர்போல் விஜயராணியைப் பார்த்தார். பிறகு கிளார்க்கைப் பார்த்தார்.

"எழுதிக்கோ" என்றார், இன்னும் ராஜா குரலிலேயே. "விஜயராணி இசக்கிராஜ். கலைஞர். கேள்வி வேண்டாம்."

சாதனா புதுக் காகிதத்தை நீட்டினாள். விஜயராணி கையெழுத்துப் போட எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது, கண் அவ்வளவு கலங்கியிருந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தாராவிக்காரர்கள் அங்கங்கே எழுந்து நின்றார்கள். ஒருவர் தாம் வளர்ப்பதாகச் சொன்ன குதிரை உண்மையில் பொய்க்கால் குதிரை என்றார். ஒரு அம்மாள், கட்டிலுக்கு அடியில் இரண்டு கரகம் இருப்பதாகச் சொன்னார். கிளார்க் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி விரிப்பைக் கழற்றாமலேயே உட்கார்ந்து, அடுத்தவரை வரச்சொல்லிக் கையசைத்தார்.

விஜயராணி படியிறங்கி வந்தாள். மண்டபத்தின் பின்னால், தூண் ஓரமாக இசக்கிராஜ் நின்றிருந்தான். ஆலைச் சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. டிராம்பே போவதற்காகக் கிளம்பியவன், பஸ் வந்தும் ஏறாமல் இங்கே வந்துவிட்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று அவள் கேட்கவில்லை. அவன் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

அப்போது அவன் போன் அடித்தது. சூப்பர்வைசர். ஏன் இன்னும் வரவில்லை என்று அந்தப் பக்கம் கத்துவது விஜயராணிக்கே கேட்டது. வேறு நாளாக இருந்தால் வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லியிருப்பான். அவனும் அந்தச் சந்துக்காரன்தானே. இசக்கிராஜ் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"இன்னிக்கு லீவு, சாப். மாட்டுங்கால என் வீட்டுக்காரி ப்ரோகிராம்" என்று இந்தியில் சொன்னான். "ஆமா, சாப். அவ ஆர்ட்டிஸ்டு."

சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டான். காதெல்லாம் சிவந்திருந்தது. விஜயராணி அவனிடமிருந்து சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் கடைசி வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்து மிச்சக் கூட்டத்தையும் முழுதாகப் பார்த்தார்கள்.